லீவுக்குப் பிள்ளைகளோடு எங்கே? குமரி மாவட்டத்துக்குள் ஆறு வழிகள், ஒரு ஒப்பீடு

போன வருடம் சித்திரை பிறந்த இரண்டாவது வாரம் திற்பரப்புக்குப் போனோம். இரண்டு வண்டி, பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஐந்து பேர், ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. அருவியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு எங்கள் பாட்டா சொன்னார்: "இதுக்கு நம்ம வீட்டு மோட்டரப் போட்டா போதுமே." பிள்ளைகள் பாறையில் ஏறி இறங்கினார்கள், சின்னவள் வழுக்கி விழுந்து அழுதாள், புளிச்சோறு மட்டும் மிச்சமில்லாமல் தீர்ந்தது.

அந்த வருடத்திலிருந்து நான் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். எங்கே போனோம், எத்தனை மணிக்கு, யார் அழுதார்கள், எதற்குக் காசு போனது. இது தெரிந்த மயினிமாரும் மகனோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களும் ஏப்ரல் கடைசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: கன்னியாகுமரி போகலாமா, அருவிக்குப் போகலாமா, கடற்கரையே போதுமா, இல்லை ஏதாவது முகாமில் சேர்த்துவிடலாமா? எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு மகன், 11 வயது. ஒரு மகள், 5 வயது. வீடு நாகர்கோவிலில். கணக்கெல்லாம் அங்கிருந்துதான்.

## எதை வைத்து அளப்பது

நம் மாவட்டம் சின்னது. நாகர்கோவிலிலிருந்து எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் தூரம் பெரிய விஷயமே இல்லை. நான் பார்ப்பது வேறு ஐந்து.

முதலாவது வெயில். காலை பத்தரை முதல் மாலை நாலு மணி வரை பிள்ளை எங்கே நிற்கும்? நிழலிலா, கல்மேலா, வண்டிக்குள்ளா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத திட்டத்தை அப்போதே மடித்து வைத்துவிடலாம்.

இரண்டாவது தண்ணீர். இதில் இரண்டு பக்கம் உண்டு: குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா, அந்தத் தண்ணீர் ஆளை இழுக்குமா.

மூன்றாவது கழிப்பறை. ஆண்கள் போடும் பட்டியலில் இது வரவே வராது. ஐந்து வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதுதான் முதலாவது.

நான்காவது சொல்லாமல் வரும் செலவு. நுழைவுச்சீட்டு எல்லா இடத்திலும் கொஞ்சம்தான். வண்டி நிறுத்துவது, ஐஸ்கிரீம், சோழி மாலை, வழியில் ஓட்டல், மறுநாள் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, இதெல்லாம் சேர்ந்தால்தான் உண்மையான கணக்கு.

ஐந்தாவது, பிள்ளைக்கு அங்கே செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா. பெரியவர்களுக்குக் காட்சி போதும். பிள்ளைக்குத் தொட, எண்ண, ஏற, நனைய ஏதாவது வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயம். இங்கே கோடை முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏப்ரலில் ஆறு வற்றிக் கிடக்கும். மே பாதிக்கு மேல் கோடை மழை எட்டிப் பார்க்கும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை. பள்ளி திறக்கும் நேரத்தில்தான் அருவியும் திறக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகளின் தலைவிதி அது. அதனால் கீழே எந்த இடத்தைச் சொன்னாலும் எந்த மாதம் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நல்ல நேரம் | நிழல் | தண்ணீர் ஆபத்து | சொல்லாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| கன்னியாகுமரி படகு, கண்ணாடிப் பாலம் | விடிகாலை முதல் 11 மணி, வேலை நாள் | குறைவு | வரிசையில் இல்லை, கரையில் உண்டு | வரிசை நேரம், விளையாட்டுச் சாமான் | 7 வயதுக்கு மேல் |
| திற்பரப்பு, மாத்தூர் | மே கடைசி, மழைக்குப் பிறகு | நடுத்தரம் | வழுக்கல், திடீர் வெள்ளம் | வீண் பயணம், மாற்றுத் துணி | குளிக்கவே போகிறவர்கள் |
| பத்மநாபபுரம், உதயகிரி | எந்த மாதமும், காலை 9 மணி | நிறைய | இல்லை | கிட்டத்தட்ட இல்லை | 8 வயதுக்கு மேல், தாத்தா பாட்டியும் |
| கடற்கரை | காலை 6-8, மாலை 5-6.30 | இல்லை | மிக அதிகம் | கண் அசராத காவல் | எல்லா வயதும், கரையில் மட்டும் |
| காளிகேசம் | மழையில்லாத காலை | நிறைய | மேலே மழை என்றால் அதிகம் | சொந்த வண்டி | 10 வயதுக்கு மேல் |
| ஊர்த் திருவிழா, முகாம் | மாலை, அல்லது தினமும் | தேவைப்படாது | இல்லை | கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் | வேலைக்குப் போகும் பெற்றோர் |

## கன்னியாகுமரி

நாகர்கோவிலிலிருந்து 20 கிலோமீட்டர். வெளியூர் விருந்தாளி வந்தால் தவிர நாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது பிள்ளைகள் விடுவதில்லை, காரணம் கண்ணாடிப் பாலம். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கட்டி, 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இப்போது பாறையில் இறங்கிவிட்டால் நடந்தே சிலைக்குப் போய்விடலாம்.

மகனுக்கு அங்கே பிடித்தது பாலமே இல்லை, கணக்கு. சிலை மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மீதி 95 அடி பொருளும் இன்பமும், 70, 25. தானே கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த படகில் வந்த ஒரு குடும்பத்துக்கும் விளக்கம் சொன்னான். பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை கொடுத்துவிட்டால் அந்த இடம் சரிக்கட்டிவிடும், இல்லாவிட்டால் கண்ணாடிக்குக் கீழே அலையை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அடுத்து என்ன?" என்பார்கள்.

இங்கே பணத்தைவிடப் பெரிய செலவு வரிசை. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு காலை 8 மணிக்குத் தொடங்கும். மே மாத ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றீர்களானால், படகுக்குள் ஏறும்போது பிள்ளை பாதி வாடியிருக்கும். செவ்வாய், புதன், வியாழன் பாருங்கள். சூரிய உதயத்துக்கே போய், இட்லியை முடித்துவிட்டு, ஏழரைக்கே வரிசையில் நின்றால் பதினொன்றுக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம். மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறிய பிறகு கல் சுடும். சின்னப் பிள்ளைக்குப் பழைய காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். பாறையில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் கற்றது இது.

இன்னொரு செலவு கரையில் காத்திருக்கும்: சங்கு, சோழி, பாசிமாலை, சுழலும் விளக்கு. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். விஷுவுக்குப் பெரியவர்கள் தந்த கைநீட்டக் காசில் ஒரு பங்கு இதற்கு, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. சொந்தக் காசு என்றதும் சோழி மாலையின் விலையை மகள் இரண்டு கடையில் விசாரித்தாள்.

கூட்டமாக இருந்தால் படகை விட்டுவிட்டு வட்டக்கோட்டைக்குப் போய்விடுங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டை, மதில்மேல் ஏற சாய்வுப் பாதை, உள்ளே ஒரு நன்னீர்க் குளம், மூன்று பக்கமும் காற்று. ஐந்து வயதுக்கு இது கண்ணாடிப் பாலத்தைவிட நல்லது என்பது என் எண்ணம், ஓட இடம் இருக்கிறது.

## திற்பரப்பும் மாத்தூரும்

ரொம்பப் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திற்பரப்பில் விழுவது கோதையாற்றுத் தண்ணீர். மேலே பேச்சிப்பாறை அணை. மலையில் மழை பெய்தாலோ, அணை நிறைந்து உபரிநீரைத் திறந்தாலோதான் அருவி பெருகும். ஏப்ரலில் பெரும்பாலும் இரண்டும் நடப்பதில்லை. அப்போது போனால் பாட்டா சொன்ன மோட்டர் தண்ணீர்தான். மே பாதிக்கு மேல் நாலு நாள் கோடை மழை பெய்தால் அருவி உயிர் பெறும். அதற்கு மேலும் பெய்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆகக் கைக்குக் கிடைப்பது நடுவில் உள்ள சில நாட்கள்தான்.

அந்த நாட்களைக் கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பதிப்புப் பேப்பரில் அணைகளின் நீர்மட்டம் போடுவார்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறை தாழ்ந்து கிடக்கிறது, மலையிலும் மழையில்லை என்றால் அந்த வாரம் வேண்டாம். மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது, உபரிநீர் இன்னும் திறக்கவில்லை என்றால் கிளம்பலாம். திறந்துவிட்டார்கள் என்றால் வீட்டிலேயே இருங்கள்.

தண்ணீர் இருக்கிற நாளில் திற்பரப்புக்கு ஈடு இந்த மாவட்டத்தில் வேறில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நின்று குளிக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகக் குளம் இருக்கிறது, அருவிக்கு மேலே தடுப்பணைத் தேக்கத்தில் படகு விடுகிறார்கள். பக்கத்திலேயே மகாதேவர் கோவில். பாட்டிமார் கோவிலில் உட்கார, பிள்ளைகள் குளிக்க, இரண்டு கட்சிக்கும் திருப்தி. ஆபத்து வழுக்கல்தான். பாசி பிடித்த பாறையில் செருப்போடு ஓடவிடாதீர்கள், செருப்பில்லாமலும் ஓடவிடாதீர்கள்.

மறந்துபோகும் செலவுகள்: ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஈரத்துணிக்கு ஒரு பை, குளித்த பசிக்கு இரட்டைச் சாப்பாடு. குளித்து வந்த பிள்ளை வீட்டில் தின்பதைப் போல இரண்டு மடங்கு தின்னும். ஓட்டலை நம்பிப் போனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தயிர்ச்சாதம்கூட மிஞ்சாது. ஒருமுறை அப்படித்தான் ஒரு கடையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, கடைசியில் ஏத்தம்பழமும் சாயாவுமாக வீடு திரும்பினோம்.

மாத்தூர் தொட்டிப் பாலம் அதே வழியில், திருவட்டாறு பக்கம். நூறு அடிக்கு மேல் உயரம், பறளியாற்றுக்குக் குறுக்கே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் காமராசர் காலத்தில் எடுத்த வேலை. பாலத்தின் மேல் நடந்து போகலாம். நடைபாதை ஒடுக்கம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். உயரத்துக்குப் பயப்படுகிற பிள்ளை நடுவில் நின்றுவிடும், என் மகள் நின்றாள். அணைகளைப் பாசனத்துக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். அதனால் கோடையில் தொட்டிக்குள் தண்ணீர் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் இல்லாத தொட்டியைப் பார்த்து மகன் கேட்டான்: "அப்ப இது எதுக்கு?" படிக்கட்டில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்த பிறகுதான் வாயை மூடினான். மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்ப்பதுதான் மாத்தூர்.

சொந்த வண்டி இல்லையென்றால் குலசேகரம் வந்து மாற வேண்டும். முடியும், ஆனால் ஈரத்துணியோடு இரண்டு பஸ் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## பத்மநாபபுரமும் உதயகிரியும்

"அரண்மனையா? போரடிக்கும்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். என் பட்டியலில் கோடைக்கு முதலிடம் இதற்குத்தான்.

காரணம் ஒன்று: குளிர்ச்சி. மரக்கூரை, காற்று வரும் மரச் சட்டங்கள், கால் வைத்தால் சில்லென்று இருக்கும் கருந்தரை. முட்டை வெள்ளை, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு சேர்த்துப் போட்ட தரை என்று சொன்னதும் பிள்ளைகள் குனிந்து தடவ ஆரம்பித்துவிடுவார்கள். வெளியே மண்டை பிளக்கிற நேரத்தில் உள்ளே விசிறி இல்லாமல் நடக்கலாம்.

காரணம் இரண்டு: தேடுவதற்கு நிறைய இருக்கிறது. போகும் முன் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்வாசலான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது? 64 வகை மூலிகை மரத்தால் செய்ததாகச் சொல்லும் கட்டில் எங்கே? ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்ட ஊட்டுப்புரையில் சீனத்து ஜாடிகள் எத்தனை? படையில் சேர வந்தவர்கள் தலைக்கு மேல் 101 முறை தூக்க வேண்டும் என்று சொல்லப்படும் 38 கிலோ கல் எந்த மூலையில்? மகன் அந்தக் கல் முன்னால் பத்து நிமிடம் நின்றான். நம் வீட்டு அரிசி மூட்டை 25 கிலோ என்று சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் மூட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குறைகளும் உண்டு. அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. தக்கலை வரை வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வாரந்தோறும் உண்டு. காலை 9 மணிக்குத் திறக்கும், மதியம் ஒரு மணிக்கு இடைவேளை விடுவார்கள். அதனால் பன்னிரண்டரைக்குப் போய் நிற்க வேண்டாம். மரப்படி செங்குத்து, வாசல்கள் குட்டை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏறினால் உங்களுக்குத் தலையில் ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. மூன்று வயதுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். உள்ளே போய்விட்டால் சுற்றி முடிக்காமல் நடுவில் வெளியேறுவதும் கஷ்டம்.

முடித்துவிட்டு நாகர்கோவில் திரும்பும் வழியில் புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே வனத்துறையின் பூங்கா, மர நிழல், கட்டுச்சோறு பிரிக்கத் தோதான இடம். ஓரமாக டி லனாயின் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கிப் பெரிய தளபதியாகி, 1777இல் இங்கேயே இறந்தார். எதிரியாக வந்தவன் எப்படித் தளபதி ஆனான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வீடு வருகிற வரை பேச்சு ஓடும். கல்லறையில் லத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது, தேடச் சொல்லுங்கள்.

செலவு இதில்தான் மிகக் குறைவு. தக்கலைக்கு நிற்காமல் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. அம்மாவும் மகளும் சும்மாவே போய்வரலாம். அப்பாவும் பெரிய பையனும்தான் காசு எடுக்க வேண்டும்.

## கடற்கரை

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், தேங்காப்பட்டணம். காசே இல்லாத பொழுதுபோக்கு. ஆனால் எனக்கு அதிகம் பயம் உள்ளதும் இதில்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் கள்ளக்கடல் வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றிருக்காது, மழையிருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். திருடன் மாதிரி வருவதால்தான் மீனவர்கள் வைத்த பேரே அது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. படித்த, வளர்ந்த பிள்ளைகள். நம் ஐந்து வயதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் எங்கள் வீட்டுச் சட்டம்: கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது, அலைக்கு முதுகைக் காட்டி போட்டோ கிடையாது, கடல் அலை எச்சரிக்கை கொடுக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கை வந்த அன்று கடற்கரையே கிடையாது. ஒரு பெரியவர் போனைத் தொடாமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் கடற்கரையின் செலவு, யாரோ ஒருவருக்கு அன்று பொழுதுபோக்கு இல்லை. நாங்கள் முறை வைத்து மாற்றிக்கொள்கிறோம்.

மாலையைவிட எனக்குக் காலை பிடிக்கும். ஆறு மணிக்குப் போனால் சில கரைகளில் கரமடி இழுப்பதைப் பார்க்கலாம். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று வடத்தைப் பிடித்து இழுத்து, வலை நெருங்க நெருங்கக் காக்கை கூடும். மடியில் நெத்திலியா சாளையா என்று ஊரே எட்டிப் பார்க்கும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய காட்சி இல்லை; தள்ளி நின்று பாருங்கள், வடத்தில் கால் வைக்கவிடாதீர்கள். பெரிய படகுகளைப் பார்க்க வேண்டுமென்றால் தடைக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரைத் தடை, சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மேற்குக் கரைக்கு, அதாவது குளச்சல் பக்கத்துக்கு, ஜூன் 1இல்தான் தடை ஆரம்பம். அதுவரை அங்கே கடல் வேலை உண்டு.

முட்டம் பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு ஆகாது. பாறை. மணல்வீடு கட்டச் சொத்தவிளை போதும்.

## காளிகேசம்

குளிர்ந்த காடு, முழங்கால் ஆழத்தில் கண்ணாடி மாதிரி ஓடும் ஆறு, காளியம்மன் கோவில். பெரிய பிள்ளைகளுக்கு அருமை. வனத்துறை அனுமதியும் நேரமும் பார்த்துப் போக வேண்டும், மழை என்றால் விடமாட்டார்கள், விட்டாலும் போகக்கூடாது. மேலே பெய்த மழை கீழே வருவதற்கு முன் சொல்லிவிட்டு வராது. கடையில்லை, போன் சிக்னல் இல்லை, சொந்த வண்டி வேண்டும். பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையோடு இரண்டாவது முறை நான் போகவில்லை, அவ்வளவுதான்.

## வீட்டுப் பக்கத்திலேயே

விடுமுறை ஐம்பது நாள் வந்தால் வெளியே போவது மூன்று நாளோ நாலு நாளோதான். மீதி நாளுக்கு என்ன வழி என்பதுதான் வேலைக்குப் போகும் அம்மாக்களின் உண்மையான கேள்வி.

ஒன்று, முகாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி வழக்கமாக ஏப்ரல் கடைசியில் அண்ணா விளையாட்டரங்கத்தில் தொடங்கும், பேப்பரில் அறிவிப்பு வரும். காலை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும், யாராவது கொண்டுவிட வேண்டும். சேர்த்துவிட்டால் அந்த இரண்டு மூன்று வாரம் வெளியூர் போக முடியாது, பாட்டி வீட்டுக்குக்கூட. இதையெல்லாம் யோசித்துச் சேருங்கள். மகன் ஓட்டத்துக்குப் போனான், திரும்பி வரும்போது தோழர் நாலு பேர் கூடியிருந்தார்கள். வெயில் ஏறும் முன் முடிந்துவிடுவது பெரிய வசதி.

இரண்டு, சர்ச்சுகளில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி. ஊரில் எல்லோருக்கும் அது வி.பி.எஸ். பத்து நாள் பாட்டு, படம் வரைதல், கதை, கடைசி நாள் நாடகம், பலகாரம். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் போய் வருவது நம் பக்கம் புதிதில்லை. அது வேண்டாம் என்பவர்களுக்குக் கோவில்களில் சமய வகுப்பு நடக்கிறது. இரண்டிலும் காசு போகாது, நடந்து போகும் தூரம். எந்த முகாமுக்கும் இல்லாத நன்மை இது: பிள்ளை தானே போய் தானே வரும்.

மூன்று, திருவிழா. சுசீந்திரம் சித்திரைத் தெப்பம், கன்னியாகுமரி பகவதி அம்மனின் வைகாசி விசாகம், சாமிதோப்பில் அய்யா வைகுண்டரின் வைகாசித் திருவிழா, இவற்றோடு சின்னச் சின்ன அம்மன் கோவில் கொடைகள். வெயில் சாய்ந்த பிறகு தொடங்குவதால் கோடைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. தெப்பம் பிள்ளைகளுக்கு என்றே செய்தது போல இருக்கும், இருட்டில் விளக்கோடு நகரும் ஒரு வீடு. சாமிதோப்பில் எட்டாம் நாள் அய்யா குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்குப் போவார். கொடையில் வில்லுப்பாட்டு நள்ளிரவு வரை போகும். பாயை எடுத்துப் போங்கள், பிள்ளை தூங்கிவிட்டால் பாடு உங்களுக்கில்லை, தூக்கிவருகிறவருக்கு. கூட்டத்துக்கு ஒரே முன்னேற்பாடு: பிள்ளையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு. தேரோட்டத்துக்கு ஐந்து வயதைக் கொண்டுபோவதென்றால் வடத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அனாதை மடம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தால் அது வேறு கணக்கு. உள்ளே நுழையச் சில்லறை, உள்ளே போனபின் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனிச் சீட்டு, டெல்லி அப்பளம், பஞ்சுமிட்டாய். கன்னியாகுமரி போய்வந்த செலவு இங்கே ஒரே மாலையில் போய்விடும். ஆளுக்கு மூன்று ராட்டினம் என்று வாசலிலேயே பேசி முடித்துவிட்டு உள்ளே போங்கள்.

## உங்கள் வீட்டுக்கு எது

மூன்று நாலு வயதுப் பிள்ளை மட்டும்தான் என்றால் வட்டக்கோட்டை, சொத்தவிளைக் காலை. மற்றதெல்லாம் அடுத்த வருடத்துக்கு. கூடவே முழங்கால் வலிக்கிற பாட்டியும் வருகிறார் என்றால் உதயகிரி நிழலோ திருவிழாவோ. மாத்தூர் படிக்கட்டில் இறக்கிவிட்டு ஏற்ற முடியாமல் நிற்காதீர்கள்.

சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஒரு வாரத்துக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகளோடு என்றால் கன்னியாகுமரியைத் தவிர்க்க முடியாது, அவர்களுக்குப் போட்டோ வேண்டும். அதை விடிகாலையில் முடித்துவிட்டு மறுநாள் பத்மநாபபுரம். அதே நாளில் இரண்டையும் போட்டு, நடுவில் சுசீந்திரமும் சேர்த்து, மாலையில் முட்டமும் என்று வாடகை வண்டிக்காரர் திட்டம் போடுவார். வண்டிக்கு லாபம். பிள்ளைகள் நான்கு இடத்திலும் பின்சீட்டில் தூங்குவார்கள்.

வண்டி இல்லை, காசும் கொஞ்சம்தான் என்றால் தக்கலை பஸ், வி.பி.எஸ், தெப்பம். இந்த மூன்றிலேயே லீவு நிறைந்துவிடும்.

வளர்ந்த பிள்ளைகள், ஒரே ஒரு நாள்தான், தண்ணீரில் குளித்தே ஆகவேண்டும் என்றால் திற்பரப்பு. ஆனால் தேதியை மே கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

இந்த வருடமும் மகன் திற்பரப்பு என்றுதான் நிற்கிறான். சரி, பேச்சிப்பாறை எத்தனை அடி என்று தினமும் பார்த்துச் சொல், மட்டம் ஏறினால் போகலாம் என்று பேப்பரைக் கையில் கொடுத்துவிட்டேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத்தான் வாசிக்கிறான். நேற்று வாசித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி, மலைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "கருத்திருக்கு அம்மா" என்றான்.